முருகன் நெற்றியில் பூத்தது

வெயிலைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவர முயன்ற ஒரே சிங்கப்பூர்க்காரர் எங்கள் வெயில் அண்ணன்தான். அவருக்குப் பிறகு யாரும் முயலவில்லை, மாடுகள் தப்பித்தன.

ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவர். தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியறையில் அவரும் நானும் குடியிருந்தோம். சரக்குக்குப் பூசணம் பிடித்துவிடுமோ என்று சதா வானத்தையே பார்த்து நடந்ததால் அந்தப் பெயர்.

ஒரு டிசம்பர் மழையில் எனக்குப் பெண் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வந்து அறையைப் பார்ப்பார்; பிடித்தால்தான் கல்யாணம். பெருக்கலாமே என்று அலமாரியை நகர்த்தினேன். சுவரெல்லாம் கறுப்பும் பச்சையுமாய் ரோமம் முளைத்திருந்தது. அலமாரியைத் தள்ளி மூடினேன். மறுபடி நகர்த்திப் பார்த்தேன். மறுபடி மூடினேன்.

"அண்ணே, சுவர் உயிரோட இருக்கு!"

"பூசணம்லா தம்பி. அதுக்கு வெயில்னா ஆகாது."

"நம்ம ரூமுக்கு வெயிலே வராதே?"

"வராட்டி? நாமளே கூட்டிட்டு வருவோம்."

மழை விட்ட நேரம் பார்த்து, முடிதிருத்தும் கடையின் நிலைக்கண்ணாடியை இரவல் வாங்கிச் சாலையோரம் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மாடி ஜன்னலில் நின்று, என் இடப்பக்கமா அவர் இடப்பக்கமா என்று தெரியாமலே "இடது! இல்ல, வலது!" என்று கத்தினேன். வெயில் போய் பால்காரர் மாட்டின் கண்ணில் விழுந்தது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, மாட்டை விட்டுவிட்டுப் பால்காரர் எங்களைத் துரத்த, மழை வந்துதான் காப்பாற்றியது.

அண்ணன் அடுத்து வினிகர் ஊற்றித் தேய்த்தார். அறை ஊறுகாய் ஜாடியாய் மணத்தது. ஈரம் காயுமுன்னே நான் பதறிப்போய்ச் சுண்ணாம்பு அடித்தேன். பூசணம் அதையும் தின்றுவிட்டு எட்டிப் பார்த்தது. உடனே பெரிய முருகன் படம் ஒன்றை வாங்கிவந்து, மைதாப் பசை தடவி அதன்மேல் ஒட்டினேன்.

"ஈரச் சுவத்துல ஒட்டாதலா, மூச்சு முட்டும்."

"யாருக்கு, முருகனுக்கா?"

"சுவத்துக்கு!"

ஞாயிறு வந்தது. பெண்ணின் அப்பாவும் வந்தார். நேரே முருகன் முன் போய் நின்றார். நெற்றியில் வெள்ளையாய்ப் பொடி பூத்திருந்தது.

"முருகா! விபூதி கொட்டுதே!" கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு விரலில் தொட்டெடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனார்.

சொல்வதா, கும்பிடுவதா? இரண்டிலும் பாதி செய்தேன்: "அது வந்துங்க... அரோகரா!"

வெயில் அண்ணன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "ஐயா, வேணாம். அது பூசணம்."

கல்யாணம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், பெண்ணின் அப்பாவுக்கு என்னைவிட அதிகமாய் வியர்த்திருந்தது.

"அப்ப... எங்க வீட்டுப் பிள்ளையாருக்கு வந்தது?"

"படம் சுவத்தோட ஒட்டியிருக்கா? ரூம்லயே ஈரத்துணி காயுதா?"

"மழையில வேற எங்க காயப்போடறது? ஐயையோ, டோபி காட் வட்டாரமே வந்து கும்பிட்டுட்டுப் போச்சேய்யா!"

வெளியே மூச்சு விடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில் அங்கேயே நாள் குறித்தார். அண்ணன் வாளியோடு அவர் வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, பிள்ளையாரின் முதுகில் கார்க் துண்டுகள் வைத்து மாட்டினார். "காத்து போகணும்லா. சாமியா இருந்தாலும் சுவத்தைவிட்டுத் தள்ளித்தான் நிக்கணும்."

இப்போது நானும் மனைவியும் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் இருக்கிறோம். அண்ணன் இல்லை. அவர் படம் மட்டும், முதுகில் கார்க்கோடு, கூடத்தில் தொங்குகிறது. காலையில் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். யாரும் கூப்பிடாமலே வெயில் வந்து அவர் முகத்தில் உட்கார்ந்துகொள்கிறது.