பலகையில் எழுதிய மருந்து

அன்பு மச்சான் பழனிவேலுக்கு,

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மாமா சுப்பராயலு எழுதுவது. இங்கே உன் அக்கா மலர்க்கொடியும் மகள் சத்யப்பிரியாவும் நலம். சிதம்பரத்தில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், தொல்லையைத்தான் எனக்கு அனுப்பிவிட்டீர்களே. போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஐப்பசி மழையில் விரல் மொத்தத்தில் மூன்று செம்பருத்திக் குச்சி கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? செம்மண், மணல், தொழு உரம் கலந்து, தண்ணீர் தேங்காமல், வெயில் விழும் மதிலோரம் நடச் சொன்னாய். நட்டேன். கிளையை வெட்டினால்தான் புதுத் துளிரில் பூக்கும் என்றாய். வெட்டினேன். ஒன்றை வெட்டினால் நான்கு வந்தது. இந்த லாபம் என் பைப் கடையில்கூட வந்ததில்லை. பிரியா இலையை அரைத்துத் தலைக்குத் தேய்த்தாள், உன் அக்கா பூவை எண்ணெயில் காய்ச்சினாள். மதிலைத் தாண்டி வளர்ந்ததும் வந்தது வினை. விடியற்காலை வாக்கிங் போகிறவர்கள் எல்லாம் கையில் கொக்கிக் கம்பும் பையுமாக வர ஆரம்பித்தார்கள். ரிட்டயர்டு ஆபீசர் ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

“சாமிக்குத்தான் பறிக்கிறேன்.”

“சாமி எங்கூட்லயும் இருக்காரு சார்.”

“அவுருக்குத்தான் கீழ்க்கிளையில ரெண்டு உட்டு வச்சிருக்கேனே!”

அன்றே பலகை எழுதி மதிலுக்கு வெளியே மாட்டினேன்: ‘மருந்து அடித்த பூ. பறித்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.’ சுத்தப் பொய். மாவுப்பூச்சிக்கு எப்போதோ வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் தெளித்ததோடு சரி. மறுநாளிலிருந்து ஒரு பயல் கிட்டே வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பலகையை மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளை இளவரசு, அம்மாவோடு காரில் வந்தார். பார்த்த பதினாலு இடத்தில், கல்யாணத்துக்கு அப்புறமும் பிரியா வேலைக்குப் போகலாம் என்று சொன்ன ஒரே இடம். பிரியா செம்பருத்தி இதழைக் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். கத்தரிக்காய் நிறத்துத் தண்ணீர் கண்ணெதிரே சிவந்ததும் அந்த அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. மாப்பிள்ளை ஒரு டம்ளரோடு நிறுத்த, அவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, “எந்தச் செடிம்மா, காட்டு” என்று வாசலுக்கு வந்தவர் பலகையைச் சத்தமாகப் படித்தார். ‘மருந்து’ என்றதுமே மாப்பிள்ளை காரில் ஏறிப் பறந்துவிட்டார். அம்மா தெருவில் நிற்கிறார்!

“ஐயோ, பொய்ங்க அது!”

“பொய்யின்னா நீங்க தின்னு காட்டுங்க.”

பதினோரு பூ தின்றேன் மச்சான், காம்போடு. வாயெல்லாம் வழவழ என்று நாக்கு நிற்கவில்லை.

“இவுரு மாத்து மருந்து முன்னாலயே சாப்புட்டிருப்பாரு,” என்றார் அந்த அம்மா.

பிரியாதான் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் சொல்லவைத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். பையனைக் குறை சொல்லமாட்டேன், உயிர்மேல் ஆசை யாருக்கு இல்லை? நீ நாளைக்கே சேத்தியாத்தோப்பு போ. காலில் விழுவாயோ, என்னைப் பைத்தியம் என்பாயோ, சம்பந்தத்தை ஒட்டவை. திரும்பும்போது இங்கே வந்து உன் செடியைப் பிடுங்கிக்கொண்டு போ.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கு, வேலை முடிந்த பிறகு.

மாமா
சுப்பராயலு

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அந்த அம்மாவே போன் செய்தார். செம்பருத்தி டீ நன்றாகத்தான் இருந்ததாம், இரண்டு குச்சி வேண்டுமாம். வெட்டி வைத்துவிட்டேன், செடியை நீ தொடாதே. கல்யாணத்துக்கும் சம்மதமாம். பிரியாவைக் கேட்டேன். “அந்தம்மா வேணும்னா இங்கயே வந்து இருக்கட்டும்ப்பா. புள்ள வேணாம்,” என்கிறாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அதனால் சேத்தியாத்தோப்பு போகாதே. வேறு இடம் பார். ஜாதகம், சம்பளம் எல்லாம் அப்புறம்; அம்மா ஏறினபிறகுதான் பையன் வண்டியை எடுப்பானா என்று மட்டும் முதலில் விசாரி.