பரணுக்குத் தப்பிய ஹெலிகாப்டர்

ஆபீஸில் ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கும் மேலாளரால், வீட்டில் உள்ளங்கையளவு ஹெலிகாப்டர் ஒன்றை மேய்க்க முடியவில்லை. ரிமோட்டை அழுத்தினால் எழும்பும். பம்பரமாய்ச் சுழலும். நேரே போய் மனைவியின் தையல் மெஷின் மேல் விழும்.

"இன்னொரு தடவை ரிப்பேர்னு என் காதுல விழுந்துச்சு, பரண்ல தூக்கிப் போட்டுடுவேன்" என்றாள் மனைவி.

"மோட்டார் கோளாறும்மா. உனக்குப் புரியாது."

"கொண்டாங்க இப்படி."

தையல் ஊசியை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். இறக்கை சுற்றும் தண்டின் அடியிலிருந்து முடியும் நூலுமாகச் சுருண்டு வந்தன.

"தரையில கிடக்கிறதையெல்லாம் இழுத்துச் சுத்திக்குது. தரை சுத்தமா இருந்தா இது ஏன் மக்கர் பண்ணப் போகுது?"

மேலாளருக்குப் பளிச்சென்று ஒரு ராஜதந்திரம் உதித்தது. குப்பை இல்லையென்றால் ரிப்பேர் இல்லை. ரிப்பேர் இல்லையென்றால் பரணும் இல்லை. அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது.

மறுநாள் முதல், அவள் காய்கறி வாங்கப் போகும் நேரம் பார்த்துத் துடைப்பத்தை எடுத்தார். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். மெஷினடியில் நூல் நூலாகப் பொறுக்கினார். ஈரத்துணி போட்டுத் துடைக்கவும் செய்தார். ஹெலிகாப்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. அறையை ஒரு வட்டம் அடித்து, சோபாவின் கைப்பிடியில் அலுங்காமல் இறங்கியது.

"பாத்தியா! எல்லாம் ஓட்டுற கையில இருக்கு."

"ஆமாங்க. உங்க கைராசியே தனி."

இவள் இவ்வளவு லேசில் ஏமாறுவாள் என்று அவர் நினைக்கவேயில்லை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அந்தத் தெம்பில் பெருக்குவதை ஓரிரு நாள் விட்டார். உடனே ஹெலிகாப்டர் எழும்ப மாட்டேன் என்று முனகியது. குளியலறைக்குள் கொண்டுபோய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கழற்றிப் பார்த்தார். தண்டைச் சுற்றிச் சிவப்பு நூல். கச்சிதமான சுற்று. முனையில் ஒரு முடிச்சு. பொத்தான் தைத்து முடிக்கும்போது அவள் போடுகிற அதே முடிச்சு!

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. நேரே போய்க் கேட்டுவிட வேண்டியதுதான் என்று எழுந்தார். கேட்டால் ஹெலிகாப்டர் நின்றுபோனதைச் சொல்ல வேண்டும். சொன்னால் பரண். மறுபடி உட்கார்ந்தார்.

வெளியே கதவு தட்டும் சத்தம்.

"உள்ள என்னங்க பண்றீங்க? ரிப்பேரா?"

"சேச்சே! ரிப்பேரெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப சரி. துடைப்பத்தைக் கதவோரமா வெச்சிருக்கேன்."