புழக்கடை அருவி

பத்தாவதோடு நின்றவன் எழுத வருவதே அதிகப்பிரசங்கித்தனம், மன்னிக்க வேண்டும். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன். (அன்றைக்கு வாய் திறந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.)

கல்யாணமான புதிது. எங்கள் ஊர் குடிபாலா பக்கம். நான் திருப்பதியில் ஒரு லாட்ஜில் அறைச் சாவி கொடுக்கும் வேலையில் இருந்தேன். எங்கள் புழக்கடையை ஒட்டியே தெரு. போகிறவர் கண், வருகிறவர் கண், எல்லாம் உள்ளேதான். ஆடிக்குப் பலமனேரில் உள்ள தாய்வீடு போன என் மனைவி அமுலு, பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

"தல குளிச்சி முடி காய வெக்க ஒரு மறைவு இல்ல. கட்டிட்டு சொல்லு மாமா, வரேன். இல்லன்னா அங்கியே இருந்துக்கறேன்."

ஓலைத் தட்டியைக் கரையான் அரிக்கும். கிளுவை நட்டால் ஆடு மேயும். தகரத்தைப் பார்க்கச் சகிக்காது. அப்போதுதான் திருப்பதியில் ப்ளெக்ஸ் பேனர் கடைகள் முளைத்திருந்தன. தண்ணீர் ஊற்ற வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், அழுக்கானால் மழையே கழுவும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு போனேன்.

"எவரி மொகம் வேயாலி?" என்றார் கடைக்காரர். யார் முகம் போட வேண்டுமாம்.

"மொகம் வேணாங்க. அருவி."

"அருவியா?" ஏற இறங்கப் பார்த்தார். "அது ஏ பார்ட்டி?" எந்தக் கட்சி என்கிறார்.

அருவிப் படம் தெருவைப் பார்க்க, புழக்கடைக்கு வேலியாகக் கட்டினேன். (வீட்டு அழகு ஊருக்குத் தெரிய வேண்டாமா?) அமுலு வந்தாள். வெள்ளிக்கிழமை காலை தலை குளித்துவிட்டுத் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தாள். வெயில் ப்ளெக்ஸில் புகுந்து பச்சையாக வடிந்தது. காற்றில் அது அசைய, அவள் ஈர முடிமேல் ஒரு குளமே அசைந்தது. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

"அண்ணா, கீறியா?"

வேலிக்கு வெளியே அடுத்த தெரு சரோஜா, பட்டுப்புடவையில், இடுப்பில் குழந்தை. புருஷன் குவைத்தில். தம்பி கையில் கேமரா.

"அவருக்கு போட்டோ அனுப்பணும். காத்துல அருவி மடங்கிக்கினு கீது. கொஞ்சம் இழுத்துப் புடிண்ணா."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். கால் போய், கை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டது.

"உள்ள அக்கா கீறாங்களா? அந்த முனைய அவங்க புடிக்கட்டும்!"

அமுலு ஈரத் தலையில் துண்டு சுற்றி, கல்மேல் ஏறி, மேல்விளிம்பைப் பிடித்தாள். சரோஜா முடிப்பதற்குள் இன்னும் இரண்டு குவைத் குடும்பங்கள் பவுடர் பூசி வந்து நின்றன. கடைசியில் கீழே இறங்கியவள் என்னைப் பார்த்தாள்.

"மறைவு கேட்டேன் மாமா. நீ ஊரையே கூட்டினு வந்துட்ட. நாளைக்கும் இப்பிடின்னா எனக்குப் பலமனேர் பஸ்ஸு கீது."

பிறகு ஒருநாள் குவைத்திலிருந்து சரோஜாவுக்குப் போன் வந்ததாம். "போட்டோ சூப்பரா கீது. ஆனா அருவி மேல எட்டு வெரலு தெரியுது, யாரோ தொங்கிக்கினு கீறாங்க. எறக்கிட்டீங்களா?"

இன்றைக்கும் அமுலு சாப்பிட வரத் தாமதமானால் என் பிள்ளைகள் கேட்பது இதுதான்: "அம்மாவ இன்னும் எறக்கலியா?"

போட்டோ எடுத்த மறுநாள், ப்ளெக்ஸை அவிழ்த்து அருவி உள்பக்கம் வரும்படி திருப்பிக் கட்டினேன். தெருவுக்கு வெறும் வெள்ளை. யாரும் வரவில்லை. அமுலு பஸ் ஏறவில்லை, துணி துவைத்தாள்.