படத்திறப்பு அன்று வந்த எரர்

பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்காவது மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். அதிலிருக்கும் விண்டோஸை வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸை ஏற்றினால்தான் சாப்பாடு இறங்கும். (லினக்ஸ் தெரியாதவர்களுக்கு: அதுவும் கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள்தான். இலவசம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கிழட்டு மெஷினிலும் ஓடும். ஓடாவிட்டால், தப்பு உன்னுடையது என்று சொல்லிவிடுவார்கள்.) இந்த வியாதியை அலுவலகத்தில் காட்டினேன், நண்பர்கள் வீட்டில் காட்டினேன், கடைசியில் என் அப்பாவின் படத்திறப்பிலும் காட்டினேன்.

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. தங்கை பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்தது. கல்யாணமாகி மணமேல்குடிக்குப் போனபோது மிக்ஸி, கிரைண்டரை எல்லாம் மறக்காமல் வண்டியில் ஏற்றியவள், இதை மட்டும் விட்டுவிட்டாள். பேட்டரி செத்துப்போய், வயரைச் சொருகினால்தான் உயிர். ஆன் செய்துவிட்டு அப்பா கடைத்தெருவுக்குப் போய் டீ குடித்து, ரெண்டு பேரிடம் அரசியல் பேசிவிட்டு வந்தாலும், அது அப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டிருக்கும்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய காமெடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. ஒரு தீபாவளி லீவில் நான் பென்டிரைவும் கையுமாக உட்கார்ந்தேன். அப்பா பனியனோடு ஜன்னல் ஓரம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுத்தே வாழ்க்கையை ஓட்டியவர் அல்லவா? திரையில் கோடு நகர நகர, “வரட்டும், வரட்டும்” என்பார். கோடு நின்றால், “ஹோல்டான்.” உடனே திரை கறுப்பாகி, வெள்ளை எழுத்தில் இங்கிலீஷ் கொட்டும்.

“என்ன தம்பி சொல்லுது?”

“எரர்ப்பா.”

“தப்பு நம்ம மேலயா, அது மேலயா?”

“தெரியலப்பா.”

“அப்ப நம்ம மேலதான்.”

ஒவ்வொரு எரரையும் போனில் படம் பிடித்து, விவரம் தெரிந்தவர்கள் இருக்கும் குழுவுக்கு அனுப்புவேன். அவர்கள் ஒரு வழி சொல்வார்கள். அதைச் செய்தால் வேறு எரர் வரும். அதையும் படம் பிடிப்பேன். லீவு முழுக்க இதே பிழைப்பு. நான் எரிந்து விழுவேன், அப்பா பின்னால் நின்று ஏதாவது சொல்லிச் சிரிப்பார். நான் திரும்பிப் பார்த்ததாக நினைவே இல்லை. ஒருவழியாக அது எழுந்து நின்றதும், “ரைட், போலாம்” என்று முதுகில் தட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

மாசியில் அப்பா இறந்துவிட்டார். இலுப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், பட்டனைப் போட்டு முடிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று படத்திறப்பு. அதற்குப் படம் தேடும்போதுதான் சங்கடம் புரிந்தது. அப்பாவுக்குக் கேமரா ஆகாது. கேமராவைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியில் செக்கிங் ஏறிய மாதிரி விறைத்துவிடுவார். என் காதுகுத்திலிருந்து தங்கை கல்யாணம் வரைக்கும் அதே முகம்தான்.

“எல்லாத்துலயும் யாரையோ பாத்துப் பயந்த மாதிரியே இருக்காரு தம்பி,” என்றாள் அம்மா. “நாலு பேரு வர்ற எடத்துல ஒங்கப்பா ஒங்கப்பாவாத் தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அழுவதைத் தவிர வேறு வேலை கிடைத்ததே என்று நான் பிடித்துக்கொண்டேன். “ஒரு படம் எதுக்கும்மா? பெரிய டிவி வச்சு எல்லாப் படத்தையும் ஓட விடுறேன்” என்றேன். அந்த லேப்டாப்பிலேயே முகம் பார்த்துப் படம் பிரிக்கிற மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். ஒருவரின் ஒரு படத்தைக் காட்டினால், அவர் இருக்கும் அத்தனை படத்தையும் அதுவே தேடி எடுத்துவிடும். வீட்டு ஆல்பம், தங்கை போன், என் போன் எல்லாவற்றையும் அதில் கொட்டி, அப்பாவின் பென்ஷன் படத்தைக் காட்டினேன். அள்ளிக் குவித்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்க மனசு வரவில்லை. (வெளியில் சொன்ன காரணம்: லினக்ஸ் தப்புப் பண்ணாது.)

பந்தலில் சொந்தக்காரர்கள், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் என்று நல்ல கூட்டம். மாலை போட்ட பென்ஷன் படத்தைத் திறந்தார்கள். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, “அன்னாரின் சிரித்த முகத்தை நம்மால் மறக்க முடியுமா?” என்று தொடங்கினார். அவருக்குப் பின்னால் டிவியில் அப்பா வரிசையாக விறைத்துக்கொண்டிருந்தார். கோயிலில் விறைப்பு, கல்யாணத்தில் விறைப்பு. அடுத்து, திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷ்.

“கரண்டு போயிருச்சா?” என்றார் பெரியப்பா. பிறகு கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, “என்னமோ எழுதியிருக்கே. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டா தம்பி?”

தீபாவளி எரர்கள். என் போனிலிருந்து அவையும் ஏறியிருக்கின்றன. பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். நான் பாய்ந்து போய் எஸ்கேப் பட்டனை அழுத்தினேன். அந்தப் பட்டன் விண்டோஸ் காலத்திலேயே செத்துப்போயிருந்தது. விரல் வியர்வையில் மவுஸும் நகரவில்லை. அடுத்த எரர் வந்தது. இனி வயரைப் பிடுங்குவதுதான் வழி என்று மேஜைக்கு அடியில் தவழ்ந்தேன். வேட்டி நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டு பாதி அவிழ்ந்தது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் ஊர் முன்னால் கெடுத்துவிட்டேன். ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் பிளக்.

“பிடுங்காத,” என்றாள் அம்மா.

எழுந்து டிவிப் பக்கம் கையை நீட்டினாள்.

“எழுத்துக்கு அங்கிட்டுப் பாரு. ஒங்கப்பா நிக்கிறாரு.”

மேஜைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். எழுத்துக்குப் பின்னால், லேப்டாப்பின் கறுப்புத் திரை எதிரில் இருந்ததைக் கண்ணாடி மாதிரி பிடித்து வைத்திருந்தது. போனைப் பிடித்த என் கை. அதற்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் விழுந்த அப்பாவின் முகம். பனியனோடு, வாயைத் திறந்து, கண் இடுங்கச் சிரிக்கிறார். என் முதுகைப் பார்த்துச் சிரிக்கிறார். தன்னை யாரும் படம் எடுப்பதாக அவருக்குத் தெரியாது.

மெஷின் தப்புப் பண்ணவில்லை. அந்தப் படங்களை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் படித்திருப்பேன்! எழுத்தைத்தான் படித்தேன். முகத்தை அது பார்த்தது.

“இதான்யா நம்மாளு,” என்று பின்வரிசையில் ஒரு டிரைவர் சொன்னார். அதன்பிறகு விறைத்த அப்பா வரும்போது எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், எரர் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் மேஜைக்கு அடியிலேயே இருந்து அழுது முடித்தேன். வெளியே வந்து அழ வேட்டி இடம் கொடுக்கவில்லை.

இன்று எங்கள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாலையோடு தொங்குவது ஒரு லினக்ஸ் எரர். வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டு, அந்த இங்கிலீஷ் என்ன என்று கேட்பார்கள். “அது அவுக அப்பனும் மகனும் பேசிக்கிட்டது,” என்பாள் அம்மா. தங்கையின் பிள்ளைகளுக்கு அவர் ‘எரர் தாத்தா’.

நான் லீவுக்கு வந்து லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

“என்ன தம்பி, எரர் ஏதும் வரலையா?”

“இல்லம்மா. நல்லா ஓடுது.”

“அப்படியா,” என்று முகம் வாடி எழுந்து போய்விடுகிறாள்.