லிஃப்டில் யாரும் ஏறாத வாரம்

இந்த நகரத்து மக்கள் காலையில் கண் விழித்ததும் எதை நினைத்துக் கவலைப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் மாபெரும் பொறுப்பு என் தலைமேல் இருக்கிறது. நான் ஒரு தொலைக்காட்சியின் செய்தி ஆசிரியர்; இரவுச் செய்தியில் திரையிலும் வருவேன். என் உழைப்பு மட்டும் இல்லையென்றால் அவரவர் சொந்தக் கவலையோடு அல்லாட வேண்டியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை ஊரில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. காலைக் கூட்டத்தில் எல்லோரும் நகம் கடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் நிருபர் மெதுவாக ஆரம்பித்தார். அலுவலகத்தில் அவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம்.

"சார், ஒரு பல் டாக்டர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டார்."

"போயிட்டாரா?"

"ஆமா சார், கிளினிக்குக்குப் போயிட்டார். பதினொரு நிமிஷத்துல கதவு திறந்திருச்சு."

"காட்சி இருக்கா?"

"இருக்கு. கதவைத் தட்டுறார், வாட்சைப் பார்க்கிறார்."

"போதும்."

'மரணப் பெட்டி' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு வைத்தோம். டாக்டர் கதவைத் தட்டுவதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை காட்டினோம். 'வல்லுநர்' ஒருவர் தினமும் வந்து எச்சரித்தார். லிஃப்டுக்குக் கண்ணாடி மாட்டிக் கொடுப்பவர் அவர். திங்கட்கிழமை எடுத்த கருத்துக்கணிப்பில் லிஃப்டுக்குப் பயந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். வெள்ளிக்கிழமை எண்பத்தொரு பேர். 'அச்சத்தில் உறைந்த நகரம்!' என்று அதையும் செய்தியாக்கினோம். நானே படியேறித்தான் அலுவலகம் போனேன். நான் ஊதிப் பெரிதாக்கியதுதான். இருந்தாலும் செய்தியிலேயே வந்துவிட்டதே!

என் மாமனார் எங்களோடு ஆறாவது மாடியில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தபால்காரர். நான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. சனிக்கிழமை மருந்து வாங்கப் போனவரை மனைவி தடுத்திருக்கிறாள்.

"லிஃப்ட்ல போங்கப்பா. முட்டிவலி வேற."

"வேண்டாம்மா. மாப்பிள்ளை வாரம் பூரா தொண்டை கிழியச் சொல்றார்ல?"

நான்காவது மாடித் திருப்பத்தில் கால் இடறியது. இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "படியில விழுந்து வந்தவங்க இந்த வாரம் இவரோட பதினாலு பேர். ரெண்டு பேர் நிலைமை மோசம். நீங்க இதைச் சொல்லக்கூடாதா?"

வெளியே வந்து நிருபர் 'அவசர'த்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"காட்சி இருக்கா சார்?" என்றார்.

"படிக்கட்டுல ஏதுய்யா கேமரா?"

"அப்புறம் எப்படி சார்? காட்சி இல்லாம நீங்களே போட மாட்டீங்களே."

பிள்ளையை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன். "சரி, விடு" என்றேன். அதைச் சொன்னது நானேதான். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

உள்ளே போனேன். மாமனார் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நம்ம விஷயம் நியூஸ்ல வருதா, மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. வராது."

அவர் போர்வையை விலக்கப் பார்த்தார்.

"அப்போ கவலைப்பட ஒண்ணுமில்ல. நான் விழவே இல்லைன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லி, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."