பதினாலு கதையும் மூணு ஓவியரும்

கதைகள் பதினாலு வந்து சேர்ந்துவிட்டன. படம் போடுகிறேன் என்று பேர் கொடுத்தவர்கள் மூன்றே பேர். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ராஜகுரு, இரண்டு எண்களையும் துண்டுத்தாளில் எழுதிவைத்துக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி வகுத்தாலும் மிச்சம் வந்தது.

'கேப்டன் அதிரதன்' சித்திரக்கதைப் புத்தகம் நின்றுபோய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசி இதழின் கடைசிக் கட்டத்தில் வில்லனின் ஆட்கள் கேப்டனைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட, கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது. தொடரவில்லை. பதிப்பகத்தையே மூடிவிட்டார்கள். இதை மறக்க முடியாத மதுரை வாசகர்கள், ராஜகுருவையும் சேர்த்துப் பதினாலு பேர், ஞாயிறுதோறும் ராஜகுருவின் கடையில் கூடி வருத்தப்படுவார்கள். 2001 பொங்கலுக்கு அந்த வருத்தம் ஒரு திட்டமாக மாறியது. கேப்டன் கிணற்றிலிருந்து வந்த கதையை ஆளுக்கு ஒன்று எழுதுவது. வரையத் தெரிந்த வாசகர்கள் படம் போடுவது. எல்லாம் சேர்த்து ஒரு மலர்.

எழுதியவர் பேர் இல்லாமல் கதைச்சுருக்கங்களை மட்டும் ஒரு தாளில் அடித்து, ராஜகுரு தெரிந்த வாசகர்களுக்கெல்லாம் அனுப்பினார். அதைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான் அந்த மூன்று பேர்: போர்டு எழுதுகிற கருப்பு, டிராயிங் மாஸ்டர் ஸ்ரீனிவாஸ், வில்லாபுரத்திலிருந்து தபாலில் பேர் கொடுத்த ஃபர்ஹா.

பதின்மூன்று கதைகளில் கேப்டன் தன் சாமர்த்தியத்தால் மேலே வந்தார். ராஜகுருவின் கதையில் மட்டும் ஆடு மேய்க்க வந்த ஒரு பெண் கயிற்றை இறக்கிவிட்டு, உள்ளங்கை உரிய உரிய அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கதை முழுக்கக் கேப்டன் நம் கண்ணிலேயே படுவதில்லை. ஏழு தடவை அடித்துத் திருத்தி எழுதிய கதை. அதற்கு ஒரு படம் வந்தால் எப்படி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததை மனைவி பத்மாசினியிடம்கூடச் சொன்னதில்லை.

ஓவியர்கள் பிடித்த கதையை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவருடைய முதல் யோசனை. பதினாலு பேரில் ஒருவரான டவுன் பஸ் கண்டக்டர் முத்திருளன் அதை அன்றைக்கே ஒடித்தார். மூன்று பேர் எடுத்த பிறகு மிச்சம் பதினோரு பேர் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அதுபோக, மலர் போடுறவரு கதைக்கு மட்டும் படம் வந்துச்சுன்னா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கண்ணே" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் ராஜகுருவுக்கு முள்ளாய்த் தைத்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்.

குலுக்கலில் முத்திருளனுக்குக் கருப்பு கிடைத்தார். கருப்பு வரைந்து கொடுத்த படத்தில் கேப்டன் கிணற்று விளிம்பில் நின்று, இரு கை கூப்பி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் 'வருக வருக' என்று எழுதாததுதான் குறை. முத்திருளன் படத்தையே பார்த்தார். பிறகு, தோற்றவர்களே கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமல் போய்விட்டார். தோற்ற பதினோரு பேரில் ராஜகுரு தவிர மற்றவர்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு ராஜகுரு புது விதி கொண்டுவந்தார். கதைக்கு ஒரே படம், மூவரும் பங்கு போட்டுக்கொண்டு பதினாலையும் முடிப்பது. பங்குப்படி ஐந்து கதைகள் ஸ்ரீனிவாஸ் மாஸ்டருக்குப் போயின. ஐந்திலும் கிணறு. மூன்றாவது கிணற்றோடு அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லும்போதுகூடத் தன் கை தானாகச் செங்கல் அடுக்குவதாகவும், தன்னை விட்டுவிடும்படியும் எழுதியிருந்தார்.

சரி, இருவருக்கும் ஏழு ஏழு என்று பிரித்தார். அதற்குள் சட்டசபைத் தேர்தல் வந்துவிட்டது. கருப்பு கட்சிக்காரர்களுக்குச் சுவர் எழுத மேலூர்ப் பக்கம் போனார். ஊர் ஊராக எழுதிக்கொண்டே போனவர் திரும்பி வரவில்லை.

மிச்சம் ஃபர்ஹா ஒருத்திதான். ராஜகுரு தன்னுடையதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கதைகளை ஒவ்வொன்றாக அவளுக்குத் தபாலில் அனுப்பினார். அவள் அனுப்பிய முதல் படத்தைப் பார்க்கக் கடையே முண்டியடித்தது. கிணற்றின் இருட்டு தாளிலிருந்து குளிர்ந்தது. உடனே பதினாலு பேரும் தங்களுக்கு ஃபர்ஹாதான் வேண்டும் என்றார்கள். மாஸ்டர் வரைந்ததும் கருப்பு வரைந்ததும் செல்லாது என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்தடுத்த படங்கள் வந்தபோது லுங்கிக் கடை சேக் மைதீன் மட்டும், தன் கதையில் கேப்டன் இடுப்புவரைதான் தெரிகிறார், அடுத்தவர் கதையில் முழங்கால்வரை தெரிகிறாரே என்று வருத்தப்பட்டார். ராஜகுரு ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். அவர் சொன்னது நியாயம்தான்.

வீட்டில் சாப்பிடும்போது பத்மாசினி தங்கள் சௌராஷ்டிர பாஷையில் ஒன்று கேட்டாள். தமிழில் சொன்னால், ஒருத்தனைக் கிணற்றிலிருந்து தூக்க இத்தனை பேர் எதற்கு என்பதுபோல வரும். ராஜகுரு கணக்குப் போட்டுப் பார்த்தார். வில்லாபுரத்தில் முகம் தெரியாத ஒரு பெண் தனியாளாகப் பதினாலு கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒன்றையாவது குறைக்க வேண்டும். யாரிடம் போய் உன் கதையை எடு என்று கேட்பது?

பட்டியலை எடுத்துத் தன் கதையை அடித்தார். சிவப்பு மையில் ஒரே கோடு. முத்திருளனிடம் சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதாண்ணே நேர்மை" என்றார். நாலு மாதத்தில் ராஜகுரு கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான். அது ஒரு ராத்திரிக்குக்கூடத் தாங்கவில்லை.

ஜூலை மாதம் மலர் வந்தது. எல்லோரும் வந்து அவரவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்திருக்கலாம் என்றார்கள். அடுத்தவர் கதையை ஒருவரும் படிக்கவில்லை. நாலு மணிக்கெல்லாம் கடை காலி. தன் கதைத்தாள்களின் பின்பக்கத்தை ராஜகுரு மெஷினில் மை சரிபார்க்கப் போட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒருவர் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார். ஃபர்ஹாவின் அண்ணன், தௌஹீத் என்றார். தங்கை உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருப்பதாகவும், அவளுக்கு உரிய பிரதியை வாங்கிப்போக வந்ததாகவும் சொன்னார். ராஜகுரு இரண்டு பிரதிகள் கொடுத்து, தங்கச்சியைச் சிரமப்படுத்திவிட்டோம் என்று மனசார மன்னிப்புக் கேட்டார்.

தௌஹீத் அங்கேயே நின்று புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். மறுபடி கடைசியிலிருந்து முதல்வரை புரட்டினார்.

"கயித்தப் புடிச்சுக்கிட்டு ஒரு பொம்பள நிக்குமாமே, அந்தக் கதை எங்கண்ணே?"

"அதை எடுத்தாச்சு பாய்" என்றார் ராஜகுரு. "ஓவியர் பத்தல. தங்கச்சிக்கு ஒரு படமாச்சும் கொறையட்டுமேன்னுதான்."

தௌஹீத் புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"அது படம் போட வந்ததே அந்த ஒரு கதைக்குத்தாண்ணே. அடுத்து வரும், அடுத்து வரும்னுதான் இந்தப் பதிமூணையும் போட்டுக் குடுத்துச்சு."