தங்கதுரையின் இடது காது

"ஆடாம நில்லு கமலா!" என்று அதட்டினார் தங்கதுரை.

"நான் நின்னுக்கினுதான் இருக்கேன். ஒங்க தலதான் சுத்துது" என்றாள் மனைவி, சாம்பார் கரண்டியோடு.

மாப்பிள்ளை வீட்டார் ரிஷிவந்தியத்தில் வேன் ஏறிவிட்டார்கள் என்று தரகர் போன் செய்து வெகுநேரமாகிவிட்டது. நைனார்பாளையத்தில் கரும்பு போட்டுக் கௌரவமாக வாழ்கிற மனிதர், மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் தள்ளாடினால் என்ன நினைப்பார்கள்? மோரைத் தாண்டி வேறெதையும் அவர் தொட்டதில்லை. அதை யார் நம்புவார்கள்?

கோளாறு இடது காதில் இருந்தது. வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிவந்த ஒரு நாள் அது தொடங்கியது. மலைப்பாதை வளைவுகளின் வேலை என்றுதான் நினைத்தார். பஸ் நின்ற பிறகும் கள்ளக்குறிச்சி பஸ் நிலையம் நிற்கவில்லை. செவ்வந்திதான் அப்பாவைக் கைத்தாங்கலாகக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். அங்கே கண்ணை மறைத்து ஏதோ ஒரு கண்ணாடியை மாட்டி, காதில் தண்ணீர் விட்டு, என்னென்னவோ சோதித்தார்கள்.

"காதுக்குள்ள சின்னதா ஒரு பை இருக்கு. அதுக்குள்ள தண்ணி. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி, வெளிய இருக்கிற தண்ணில சோடியம் ஜாஸ்தி. சுவத்துல இருக்கிற செல்லுங்கதான் உப்ப எறச்சி எறச்சி ரெண்டையும் அளவுல வெச்சிருக்கும். அந்த அளவு தப்பினா பை வீங்கி, ஒலகமே சுத்தும். உப்பக் கம்மி பண்ணுங்க" என்றார் டாக்டர்.

"மடை அடைச்சிக்கினு வயல்ல தண்ணி நிக்குதுன்னு சொல்லுங்க" என்று தங்கதுரை சரியாகவே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டு என்ன பயன்?

"உப்பில்லாமத்தான சாப்புடுறீங்க? அப்புறம் இன்னிக்கு எப்படிச் சுத்துது?" என்றாள் கமலா.

தங்கதுரை சுவரைப் பார்த்தார். "நேத்து சாயந்தரம் கொஞ்சம் ஜவ்வரிசி வடாம்..."

"அதுல உப்பில்லையா?"

"வடாம் பலகாரமாச்சே. அத எப்படி உப்புல சேக்குறது?"

கமலாவுக்கு வந்த கோபத்தில் உப்பு ஜாடி, ஊறுகாய், வடாம் டப்பா எல்லாவற்றையும் அள்ளி மதில்மேல் வைத்துப் பக்கத்து வீட்டு ரங்கம்மாளிடம் கொடுத்துவிட்டாள். "இனிமே இந்த வூட்ல உப்பே கெடையாது!"

ரங்கம்மாள் அவற்றை உள்ளே வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு சின்னசேலம் பஸ்ஸைப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் சாம்பாருக்கு இன்னும் உப்புப் போடவில்லை என்பது கமலாவுக்கு நினைவு வந்தது. அதே நேரம் வேன் வாசலில் வந்து நின்றது.

"கடையில வாங்கிக்கினு வரட்டா?" என்றார் தங்கதுரை.

"பொண்ணு பாக்க வந்தவங்க எதுருல உப்புக்கு ஓடுவீங்களா? இன்னா நெனப்பாங்க? பேசாம ஒக்காருங்க!"

"அப்பா, காதுல பிரச்சினன்னு சொல்லிடலாம்ப்பா" என்றாள் செவ்வந்தி.

"மூச்சு வுடாத. பரம்பர வியாதியான்னு கேப்பாங்க. மாப்ளைக்கு ஆஸ்பத்திரில வேலயாம். ஒரு பார்வையில கண்டுபுடிச்சிருவாரு" என்றார் தங்கதுரை.

சுற்றல் சீக்கிரம் நிற்கட்டும் என்று, டாக்டர் கொடுத்திருந்த நீர் பிரிவதற்கான மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். மாத்திரை தன் கடமையைச் செய்தது. மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாள் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம், "இதோ வந்துடறங்க" என்று கொல்லைப்பக்கம் நடந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே போய், சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பெண்ணைப் பார்த்தார்கள். பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். ஆண்டாள் எழுந்துபோய்க் கை கழுவியதும் தரகர் பூரித்துப்போனார். கமலா வெளிறிப்போனாள்.

முதல் கவளம் உள்ளே போனது. ஆண்டாள் மகனைப் பார்த்தாள். அவன் இலையைப் பார்த்தான். ஒருவரும் உப்புக் கேட்கவில்லை.

"கேட்டாக்கூடப் பரவால்லியே. பாதில எழுந்து போயிடப் போறாங்க. நீங்களாவது கவனிங்க" என்று கணவரின் கையில் சாம்பார் வாளியைத் திணித்தாள் கமலா.

தங்கதுரை மாப்பிள்ளைக்குப் பரிமாறக் குனிந்தார். குனிந்ததுதான் தாமதம், தரை மேலே வந்தது. வாளி மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கவிழ்ந்தது. அதன் பின்னாலேயே தங்கதுரையும் அவன் மடியில் போய் விழுந்தார்.

மாப்பிள்ளை பதறவில்லை. தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். "அந்த ஜன்னல் கம்பிய மட்டும் பாருங்க. கொஞ்ச நேரத்துல நின்னுரும்."

தங்கதுரைக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் குடிக்கலீங்க தம்பி. என் காதுலதான் தண்ணி நின்னுபோச்சி. மறைச்சது தப்புதான். எம் பொண்ணு காது நல்ல காதுங்க. என்னால அவள வேணாம்னு சொல்லிடாதீங்க!"

செவ்வந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆண்டாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: "இன்னா சம்பந்தி நீங்க! ஒங்க கண்ண மறைச்சி, காதுல தண்ணி வுட்டு டெஸ்ட் எடுத்ததே இவன்தான். அன்னிக்கு வெளிய பெஞ்சில ஒக்காந்திருந்த ஒங்க பொண்ணப் பாத்துட்டுத்தான தரகரையே அனுப்பினோம்? ஒங்க காது மட்டும் நல்லா இருந்திருந்தா, நாங்க ஏன் இங்க வந்து இந்த உப்பில்லாத சாம்பாரத் தின்னுக்கினு இருக்கப் போறோம்?"